எல்லையூர்களும் நாட்குறிப்பும்

வேற்று மாநிலங்களில் வாழும் தமிழன்பர்கள் ஒன்றுகூடும் இடங்களில் ஒரு குறை அடிக்கடி பேசப்படுவதுண்டு. “எழுத வேண்டும் என்ற ஆசை இருக்கின்றது, ஆனால் எழுத உட்கார்ந்தால் ஒன்றும் தோன்றவில்லை” என்பதே அக்குறை. மும்பையின் மின்சார ரயிலிலும், தில்லியின் அலுவலகங்களிலும், பெங்களூரின் தொழிற்கூடங்களிலும் பகற்பொழுதைக் கழித்துவிட்டு வீடு திரும்புவோர்க்கு நேரமும் குறைவு. சுற்றிலும் ஒலிக்கும் மொழியும் வேறு. இந்நிலையில் எழுதுவதற்குரிய உள்ளக் கிளர்ச்சி எங்கிருந்து வரும் என்று அவர்கள் வினவுகின்றனர். வினா நியாயமானதே. எனினும், உள்ளக் கிளர்ச்சி வந்த பிறகுதான் எழுதுகோலை எடுக்க வேண்டுமா, அல்லது நாள்தோறும் எழுதுகோலை எடுப்பவரை நாடித்தான் அது வருகின்றதா என்பதை முதலில் தெளிந்துகொள்ளுதல் நலம். அதற்கு வரலாறு தரும் விடையைக் காண்போம்.

அவ்விடையைத் தேடி நாம் செல்ல வேண்டிய இடம் தமிழும் மலையாளமும் ஒரே தெருவில் புழங்கும் தென்கேரள எல்லையாகும். திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரி நோக்கிச் செல்லும் பெருவழியில், ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில், நெய்யாற்றை ஒட்டி அமைந்தது நெய்யாற்றின்கரை. மேலும் தெற்கே சென்றால் பாறசாலை. அதனைக் கடந்தால் களியக்காவிளை. அங்கே தமிழ்நாடு தொடங்குகின்றது. தென்னையும் வாழையும் மரவள்ளியும் அடர்ந்த இச்சிற்றூர்களில் எல்லைக் கோட்டைக் கண்ணாற் காண்பது அரிது. அறிவிப்புப் பலகையின் எழுத்து மாறும்போதுதான் மாநிலம் மாறியது புலப்படும். வேணாட்டு மன்னர் காலத்திலும், பின்னர்த் திருவிதாங்கூர் அரசின் காலத்திலும், இங்கே இரு மொழியும் ஒரே குடையின்கீழ் வாழ்ந்தன. கோட்டுக்கு இருபுறமும் சொந்தமும் சுற்றமும் உடைய குடும்பங்கள் இன்றும் பல.

இப்பகுதியில் உள்ளக் கிளர்ச்சியைப் பற்றியே ஒரு பழங்கதை வழங்குகின்றது. நெய்யாற்றின்கரைக்கு மேற்கே, கடலோரத்தில், இன்று உலகப் பயணிகள் வந்து குவியும் கோவளம் இருக்கின்றது. அதன் அருகில் சில நூற்றாண்டுகளுக்கு முன் ஐயப்பிள்ளை ஆசான் என்னும் புலவர் வாழ்ந்தார். அவர் இயற்றிய இராமகதைப் பாட்டு தமிழும் மலையாளமும் இணைந்து நடைபோடும் நூலாகும். இது தமிழ் நூலா மலையாள நூலா என்று பிரித்துச் சொல்வது அறிஞர்க்கும் எளிதன்று. கோயில்களில் சந்திரவளையம் என்னும் இசைக்கருவியை இசைத்துக்கொண்டு இதனைப் பாடும் மரபு தென் திருவிதாங்கூரில் நெடுங்காலம் நிலவியது.

இப்புலவரைப் பற்றிய கதை சுவையானது. அவர் எழுத்தறியாத உழவராம். ஒருநாள் திருவனந்தபுரத்துப் பத்மநாபசுவாமி கோயிலுக்குச் சென்றபோது முதியவர் ஒருவர் அவருக்கு ஒரு வாழைப்பழம் கொடுத்தாராம். அதனை உண்டதும் அவர் பாடத் தொடங்கினாராம். அவர் எறிந்த தோலை எடுத்து உண்ட தம்பி ஐயனப்பிள்ளையும் பாரதப் பாட்டைப் பாடினாராம். பழம் உண்டவர் இராமகதையைப் பாடினார், தோல் உண்டவர் பாரதத்தைப் பாடினார் என்பது கேட்போர்க்கு இனிய கற்பனை.

கதையை நாம் மறுக்க வேண்டுவதில்லை. ஆயினும் அது சொல்லாமல் விட்ட ஒன்றை எண்ணிப் பார்க்கலாம். இராமகதைப் பாட்டு ஆயிரக்கணக்கான பாடல்களைக் கொண்டது. பழத்தை உண்ண ஒரு கணம் போதும். ஆயிரக்கணக்கான பாடல்களைக் கட்டி, நிரல்படுத்தி, மனத்தில் நிறுத்தி, ஓலையில் ஏற்றுவதற்கு எத்தனை இரவுகள் வேண்டும்! மக்கள் நினைவில் பழம் நின்றது, இரவுகள் நிற்கவில்லை. படைப்பாளர் பலரின் கதையும் இவ்வாறே ஆகிவிடுகின்றது. நாமும் அவர்களுடைய பழத்தைத் தேடிப் போகின்றோம். அவர்கள் விழித்திருந்த இரவுகளைத் தேடுவதில்லை.

நாள்தோறும் செய்யும் தொழிலின் அருமையை அறிய நெய்யாற்றின்கரைக்குச் சற்று வடக்கே உள்ள பாலராமபுரத்துக்குச் செல்வோம். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பாலராமவர்மரின் ஆட்சிக் காலத்தில், திவான் உம்மிணித் தம்பியின் முயற்சியால், தமிழ்ப் பகுதியிலிருந்து சாலியர் என்னும் நெசவாளர் குடும்பங்கள் இங்கே கொண்டுவந்து குடியேற்றப்பட்டன. பிழைப்புக்காகப் பிறந்த மண்ணை விட்டு வந்தவர் என்ற முறையில் அவர்கள் நம் அன்பர்களின் முன்னோடிகள் எனலாம். குழித்தறியில் கால் மிதித்து, நாடாவை இடமும் வலமுமாக ஓட்டி, அவர்கள் நெய்த கசவுத் துணி இன்று கேரளத்தின் அடையாளங்களுள் ஒன்றாகிவிட்டது.

நெசவாளர் தறியில் அமர்வதற்கு நல்லெண்ணம் உதிக்கும் வேளையை எதிர்பார்ப்பதில்லை. பாவு விரித்தாக வேண்டும், கஞ்சியிட வேண்டும், பொழுது சாய்வதற்குள் இத்தனை முழம் நெய்ய வேண்டும். ஆயினும் அத்துணியில் அழகு இல்லையா? கரையில் ஒரு புதிய கோலம் தோன்றுவதும் அவர் தறியில் இருக்கும்போதுதான். தறியில் இல்லாத நெசவாளருக்குக் கோலம் தோன்றினாலும் அது துணியாவதில்லை. எழுத்துக்கும் இஃது ஒக்கும்.

இவ்வூர்கள் ஆண்டுதோறும் காணும் விழா ஒன்றும் இதனை நமக்கு நினைவூட்டுகின்றது. நவராத்திரி நெருங்கும்போது பத்மநாபபுரம் அரண்மனையிலிருந்து சரஸ்வதி தேவியின் திருவுருவமும், வேளிமலைக் குமாரசுவாமியும், சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையும் திருவனந்தபுரத்துக்கு ஊர்வலமாக எழுந்தருள்கின்றனர். அச்சரஸ்வதி கம்பர் வழிபட்ட திருவுருவம் என்பது வழிவழி வரும் நம்பிக்கை. முதல் இரவு குழித்துறையில் தங்கி, மறுநாள் களியக்காவிளை, பாறசாலை வழியே வந்து, இரண்டாம் இரவு நெய்யாற்றின்கரைக் கிருஷ்ணன் கோயிலில் தங்குவது மரபு. 1956க்குப் பின் இடையே மாநில எல்லை வந்தது. ஆனால் ஊர்வலம் நிற்கவில்லை. தமிழ்நாடு வழியனுப்ப, கேரளம் வரவேற்க, கலைமகள் எல்லையைக் கடந்து செல்கின்றாள்.

சரஸ்வதி பூசையன்று நாம் நூல்களையும் எழுதுகோலையும் அடுக்கி வைத்து வணங்குகின்றோம். அன்று படிப்பதும் எழுதுவதும் இல்லை. ஆனால் மறுநாளாகிய விசயதசமியன்று கட்டவிழ்த்து ஒரு வரியேனும் படிக்கவும் எழுதவும் வேண்டும் என்பது நியதி. எல்லைக்கு இப்பாலும் அப்பாலும் குழந்தைகளுக்கு எழுத்தறிவிப்பதும் அந்நாளில்தான். எழுதாமல் இருப்பதற்கு ஆண்டில் ஒரு நாளை மட்டுமே ஒதுக்கினர் நம் முன்னோர். நாமோ எழுதுவதற்கு ஆண்டில் ஒரு நாளைத் தேடிக்கொண்டிருக்கின்றோம்.

அந்நவராத்திரியோடு தொடர்புடைய பெருமாட்டி ஒருவரும் இம்மண்ணில் தோன்றினார். பாறசாலை பொன்னம்மாள் 1924இல் பிறந்தவர். திருவனந்தபுரத்துச் சுவாதித் திருநாள் இசைக் கல்லூரியில் மாணவியாகச் சேர்ந்து தேறி, பின்னர் அக்கல்லூரியில் பயிற்றுவித்த முதற் பெண்மணி என்ற சிறப்பும் பெற்றார். ஆனால் சரஸ்வதியின் திருமுன் கச்சேரி நிகழும் திருவனந்தபுரத்து நவராத்திரி மண்டபத்தில் பெண்கள் பாடும் வழக்கம் இருந்ததில்லை. 2006ஆம் ஆண்டில்தான் அக்கதவு திறந்தது. அன்று முதன்முதலாக அங்கே பாடியவர் பொன்னம்மாளே. அப்போது அவர்க்கு வயது 81. 2017இல் பத்மஸ்ரீ விருது பெற்று, 2021இல் அவர் மறைந்தார்.

இந்நிகழ்ச்சியில் நாம் கருத வேண்டுவது யாது? எண்பது வயதைக் கடந்த பின் வாய்ப்பு வந்தபோது குரல் ஆயத்தமாக இருந்தது. எந்த மேடைக்கு என்று அறியாமலே நாள்தோறும் சாதகம் செய்த குரலன்றோ அது! வாய்ப்பு வந்த பிறகு பயிலத் தொடங்கியிருந்தால் அம்மண்டபத்தின் கதவு திறந்தும் பயனில்லை. இசைவாணர்க்குச் சாதகம் எத்தகையதோ, எழுதுவோர்க்கு நாட்குறிப்பு அத்தகையது. கேட்பவர் எவரும் இல்லாத வேளையில் செய்யும் பயிற்சி அது.

இனி, பிறந்த மண்ணை விட்டு வெளியேற்றப்பட்ட ஒருவர் எழுத்தை எவ்வாறு துணைக்கொண்டார் என்பதைப் பார்ப்போம். நெய்யாற்றின்கரையில் 1878இல் பிறந்தவர் இராமகிருஷ்ண பிள்ளை. வக்கம் மௌலவி நடத்திய ‘சுதேசாபிமானி’ இதழுக்கு ஆசிரியராக அமர்ந்து, திருவிதாங்கூர் அரசின் குறைகளை அஞ்சாது எடுத்தெழுதினார். இதழின் பெயரே அவர்க்கு அடைமொழியாயிற்று. 1910ஆம் ஆண்டு செப்டம்பர் 26ஆம் நாள் அச்சகம் பறிமுதல் செய்யப்பட்டது. அவரையும் நாடுகடத்துமாறு அரசாணை பிறந்தது. காவலர் அவரைத் தெற்கு வழியாக எல்லை கடத்தித் திருநெல்வேலியில் கொண்டுபோய் விட்டனர். திருவனந்தபுரத்திலிருந்து தெற்கே போகும் பெருவழி அவர் பிறந்த நெய்யாற்றின்கரையினூடே செல்வது என்பதை எண்ணுந்தோறும் நம் நெஞ்சு கனக்கின்றது.

அச்சகம் போயிற்று, இதழ் போயிற்று, ஊரும் போயிற்று. எஞ்சியிருந்தது எழுதும் கை ஒன்றே. அடுத்த ஆண்டிலேயே, 1911இல், தாம் நாடுகடத்தப்பட்ட வரலாற்றை அவர் தனி நூலாக வெளியிட்டார். 1912இல் இதழியல் தொழிலைக் கற்பிக்கும் நூலொன்றையும், கார்ல் மார்க்ஸின் வாழ்க்கை வரலாற்றையும் மலையாளத்தில் எழுதினார். சென்னை, பாலக்காடு எனப் பல இடங்களில் வாழ்ந்து, 1916ஆம் ஆண்டு மார்ச்சு 28ஆம் நாள் கண்ணூரில், தம் 37ஆம் வயதில், காசநோயால் உயிர்நீத்தார். ஊர் திரும்பும் பேறு அவர்க்குக் கிட்டவில்லை. இத்தகைய அல்லலுக்கிடையில் உள்ளக் கிளர்ச்சி வரட்டும் என்று காத்திருந்தால் அவர் ஒரு பக்கமும் எழுதியிருக்க இயலாது. ஒவ்வோர் இதழுக்கும் குறித்த நாளில் எழுதிக் கொடுத்த பழக்கமே துன்பம் வந்த நாளிலும் அவர் கையைச் செலுத்தியது.

அவருடைய வாழ்க்கைத் துணைவியார் பி. கல்யாணி அம்மாளும் எழுத்தில் வல்லவர். கணவர் மறைந்த ஆண்டிலேயே, அவரோடு வாழ்ந்த பன்னிரண்டு ஆண்டுகளை நினைவுகூர்ந்து ‘வியாழவட்ட ஸ்மரணகள்’ என்னும் நூலை எழுதினார். வியாழன் வானத்தை ஒருமுறை சுற்றிவரப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகும். அதனையே தம் இல்லற வாழ்வுக்கு அளவாகக் கொண்டார் அவ்வம்மையார். அரசாணை ஓர் இதழாசிரியரை நாட்டை விட்டு அகற்றியது என்று மட்டுமே அரசு ஆவணம் கூறும். அவ்வாணையால் ஒரு குடும்பம் பட்ட பாட்டை நாம் அறிவது அவ்வம்மையார் எழுதிவைத்ததனால் அன்றோ?

நெய்யாற்றின்கரையோடு வாழ்வு பிணைந்த மற்றொருவர் காந்தியறிஞர் ஜி. இராமச்சந்திரன். 1904இல் பிறந்து சாந்திநிகேதனத்தில் பயின்றவர். 1924ஆம் ஆண்டு செப்டம்பரில் இந்து முஸ்லிம் ஒற்றுமைக்காகக் காந்தியடிகள் தில்லியில் 21 நாள் உண்ணாநோன்பு மேற்கொண்டார். அந்நோன்பையடுத்த நாள்களில் இருபது வயதினராகிய இராமச்சந்திரன் அவரைக் கண்டு, கலையைப் பற்றியும் அழகைப் பற்றியும் துணிந்து வினாக்கள் தொடுத்தார். தாகூரின் நிழலில் பயின்ற இளைஞர்க்குக் கலையே பெரிதாகத் தோன்றியதில் வியப்பில்லை. காந்தியடிகளோ, புறத்தோற்றம் மட்டும் கலையாகாது என்றும், அகத்தின் வெளிப்பாடே கலை என்றும், விண்மீன் நிறைந்த வானத்தைக் காணும்போது தமக்குச் சுவரில் ஓவியம் வேண்டுவதில்லை என்றும், உண்மையின் வழியாகவே அழகைக் காண்பதாகவும் கருத்துரைத்தார்.

அவ்வுரையாடல் இன்று நமக்குக் கிடைத்திருப்பது எவ்வாறு? அருகிருந்த மகாதேவ தேசாய் அதனைக் குறித்து வைத்தார். அக்குறிப்பு அவ்வாண்டு நவம்பரில் ‘யங் இந்தியா’ இதழில் வெளிவந்தது. 1917இல் காந்தியடிகளிடம் வந்து சேர்ந்த தேசாய், 1942 ஆகஸ்டு 15ஆம் நாள் சிறைக்காவலில் உயிர் துறக்கும் வரை, கால் நூற்றாண்டுக் காலம் நாட்குறிப்பு எழுதினார். ரயிலிலும் எழுதினார், கூட்டத்தின் நடுவிலும் எழுதினார். 1936 நவம்பரில் திருவிதாங்கூரில் கோயில் நுழைவுப் பிரகடனம் வெளியானதையடுத்து, 1937 ஜனவரியில் காந்தியடிகள் அந்நாட்டில் சுற்றுப்பயணம் செய்தார். அப்போது வெங்ஙானூரில் அய்யன்காளியைச் சந்தித்தார். அப்பயணத்தைப் பற்றியும் தேசாய் அவ்வாண்டிலேயே ஒரு நூல் வெளியிட்டார். நாள்தோறும் குறிப்பெழுதும் கைக்கு நூல் எழுதுவது புதிய சுமையன்று.

இராமச்சந்திரன் வாழ்விலும் அன்றைய உரையாடல் வீண்போகவில்லை. 1947இல் அவரும் துணைவியார் சௌந்தரம் அம்மையாரும் திண்டுக்கல்லுக்கு அருகில் காந்திகிராமத்தை நிறுவினர். நெய்யாற்றின்கரைக்காரர் தமிழ்நாட்டுச் சிற்றூரில் தொண்டாற்றினார்; இறுதிக் காலத்தில் தம் ஊருக்கே திரும்பி வாழ்ந்து, 1995இல் மறைந்தார். அழகைத் தேடிச் சென்ற இளைஞருக்குக் கிடைத்த விடை, நாள்தோறும் செய்யும் கைத்தொண்டிலும் அழகு உண்டு என்பதாகும்.

தமிழில் நாட்குறிப்பு என்றால் ஆனந்தரங்கப் பிள்ளையை நினையாதிருத்தல் இயலாது. அவரும் இடம்பெயர்ந்த குடும்பத்தவரே. சென்னையை அடுத்த பெரம்பூரில் 1709இல் பிறந்து, புதுச்சேரியில் குடியேறி வாணிகம் செய்து, பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேயின் துபாசியாக உயர்ந்தார். 1736 செப்டம்பரில் எழுதத் தொடங்கிய நாட்குறிப்பை ஏறத்தாழ 25 ஆண்டுகள் எழுதினார். 1761 ஜனவரியில், புதுச்சேரி ஆங்கிலேயர் கையில் விழுந்த அதே மாதத்தில், அவர் வாழ்வும் முடிந்தது.

அவர் எழுதியவை யாவை? கப்பல் வந்தது, சரக்கு இறங்கியது, இன்னார் இன்ன விலைக்குக் கேட்டார், ஆளுநர் இவ்வாறு சினந்தார், வீதியில் இவ்வாறு பேசிக்கொண்டார்கள் என்பன போன்ற செய்திகளே மிகுதி. காவியம் படைக்கும் எண்ணம் அவர்க்கு இல்லை. இலக்கண வழுவற்ற செந்தமிழும் அன்று அது. வாணிகரின் பேச்சுத் தமிழ்; பிறமொழிச் சொற்கள் மலிந்தது. ஆயினும் 18ஆம் நூற்றாண்டுத் தென்னாட்டை அறிய விரும்பும் எவரும் அதனைத் தாண்டிச் செல்ல இயலாது. அவர் மறைந்து 85 ஆண்டுகள் கழிந்த பின், 1846இல், அது புதுச்சேரியில் கண்டெடுக்கப்பட்டது. 1904 முதல் 1928 வரை 12 தொகுதிகளாக ஆங்கிலத்தில் வெளிவந்தது. தம் காலத்தில் படிப்பார் எவரும் இல்லாத நூலை 25 ஆண்டுகள் எழுதிய அப்பொறுமையை நாம் போற்றுகின்றோம்.

இவ்வளவும் கூறியபின் எல்லையூர்களுக்கே திரும்புவோம். 1953 டிசம்பரில் மாநிலச் சீரமைப்பு ஆணைக்குழு அமைந்தது. 1955 செப்டம்பரில் அறிக்கை அளித்தது. தமிழகத்தோடு சேர்க்க வேண்டும் என்று திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரஸ் கோரிய தாலுகாக்களுள் நெய்யாற்றின்கரையும் ஒன்று. முடிவில், 1956 நவம்பர் முதல் நாள், தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கும் சென்னை மாநிலத்தில் சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் இடையே கோடு விழுந்தது.

கோரிக்கையும் அறிக்கையும் சட்டமும் அச்சிலே இருக்கின்றன. எந்தத் தாலுகாவில் எம்மொழியினர் நூற்றுக்கு எத்தனை பேர் என்ற கணக்கும் இருக்கின்றது. ஆனால் கோட்டுக்கு அப்பால் மகளைக் கொடுத்திருந்த தாய் அன்றிரவு என்ன நினைத்தாள்? பிள்ளையை எந்த மொழிப் பள்ளியில் சேர்ப்பது என்று தந்தை எவரிடம் கலந்து பேசினார்? வீட்டில் தமிழும் கடைவீதியில் மலையாளமும் பேசிய சிறுவன் எந்தச் சொல்லை எங்கே மாற்றிக்கொண்டான்? இவற்றை எந்த ஆணைக்குழுவும் எழுதுவதில்லை. எழுதுவது அதன் கடமையுமன்று. வீட்டிலிருப்பவர் எழுதினால் உண்டு; இல்லையேல் இல்லை. ஒரு தலைமுறையின் முதியோர் மறையும்போது எழுதப்படாதவை அனைத்தும் அவர்களோடு போய்விடுகின்றன.

வேற்று மாநிலத்தில் வாழும் அன்பர்களே! உங்கள் வீட்டு வாயிலும் ஓர் எல்லைக் கோடுதான். உள்ளே ஒரு மொழி; வெளியே ஒரு மொழி. அக்கோடு ஆண்டுதோறும் சிறிது சிறிதாக உள்நோக்கி நகர்வதை நீங்கள் காண்கின்றீர்கள். பாட்டி சொன்ன சொல் தாய்க்குத் தெரியும். மகளுக்குப் பொருள் மட்டும் தெரியும். பேத்திக்கு ஒலியும் தெரியாது. குடிமதிப்புக் கணக்கில் தாய்மொழி தமிழ் என்று எழுதிவிடலாம். அவ்வீட்டில் எத்தனை தமிழ்ச் சொற்கள் உயிரோடு உள்ளன என்பதை அக்கணக்கு காட்டாது. ஆகவே நாட்குறிப்பு உங்களுக்கு வெறும் பொழுதுபோக்கன்று. குடும்பத்தின் மொழியை இழக்காதிருப்பதற்குக் கைக்கு எட்டிய வழிகளுள் ஒன்று அது.

எவ்வாறு தொடங்குவது என்று கேட்கலாம். மேலே கண்டவர்களின் பழக்கத்திலிருந்தே சில நெறிகளை எடுத்துக்கொள்வோம். முதலாவது, அளவு சிறியதாகவும் நேரம் மாறாததாகவும் இருக்கட்டும். நாளொன்றுக்கு ஐந்து வரி போதும். இரவு உணவுக்குப் பின்னோ காலைக் காப்பிக்கு முன்னோ உங்கள் வசதிப்படி ஒரு வேளையைக் குறித்துக்கொண்டு, நெசவாளர் தறியில் அமர்வதுபோல் அமர்க. ஒருநாள் தவறினால் மறுநாள் பத்து வரி எழுதி ஈடுசெய்ய முயலவும் வேண்டா. வழக்கம்போல் ஐந்து வரியே எழுதுக.

இரண்டாவது, உயர்ந்த கருத்தைத் தேடி அலையாமல் கண்டதையும் கேட்டதையும் எழுதுக. இன்று கத்தரிக்காய் என்ன விலை, பக்கத்து வீட்டார் எம்மொழியில் எதனைக் கேட்டனர், ஊரிலிருந்து தொலைபேசியில் அண்ணன் என்ன சொன்னார், குழந்தை எந்தத் தமிழ்ச் சொல்லைப் புதிதாகச் சொன்னது, எந்தச் சொல்லுக்குத் தடுமாறியது என்பவற்றைக் குறித்தாலே போதும். ஆனந்தரங்கர் கப்பற் சரக்கை எழுதியது போன்றதே இதுவும். உணர்ச்சியைப் பற்றி எழுதினால் அது விரைவில் ஆறிவிடும். விலையையும் சொல்லையும் முகத்தையும் எழுதிவைத்தால், பின்னாளில் அவற்றைப் படிக்கும்போது அன்றைய உணர்ச்சியும் கூடவே எழுந்து வரும்.

மூன்றாவது, நடையைப் பற்றிக் கவலற்க. ஐயப்பிள்ளை ஆசான் இரு மொழியையும் கலந்தே பாடினார். உங்கள் வீட்டில் பேசும் தமிழில் இந்தியோ மராத்தியோ கன்னடமோ கலந்திருக்குமாயின், அவ்வாறே முதலில் எழுதுக. கலந்தது எது, கலவாதது எது என்பது எழுதிப் பார்க்கும்போதுதான் தெரியும். திருத்த விரும்புவோர் பின்னர்த் திருத்தலாம். எழுதாததைத் திருத்துவார் இல்லை.

நான்காவது, உள்ளக் கிளர்ச்சியை நீங்களும் சற்றுத் தேடிச் செல்லுக. திங்களுக்கு ஒருமுறை நகரில் இதுவரை காணாத ஒரு தெருவில் நடந்து பாருங்கள். அங்கே உங்களுக்கு முன் வந்து குடியேறிய தமிழ் முதியவரைக் கண்டு, எந்த ஆண்டு வந்தீர்கள், முதல் இரவு எங்கே தங்கினீர்கள், முதற் கடிதத்தில் என்ன எழுதினீர்கள் என்று கேளுங்கள். இருபது வயதில் இராமச்சந்திரன் துணிந்து கேட்டதுபோல் கேளுங்கள். தேசாய் குறித்ததுபோல் அன்றே குறித்துவையுங்கள். கைப்பேசியில் குரலைப் பதிந்துகொள்வதும் நன்றே; ஆயினும் அன்றிரவே அதிலிருந்து ஐந்து வரியைத் தாளில் எழுதிவிடுக. பதிந்த குரல் கருவியோடு தொலைவதுண்டு. எழுதியதோ எழுதியவரின் மனத்திலும் ஒரு படி விட்டுச் செல்லும்.

இவ்வாறு ஓராண்டு எழுதினால் ஏறத்தாழ ஆயிரத்து எண்ணூறு வரிகள் சேரும். அவற்றுள் பெரும்பகுதி விலையும் மழையும் வழிப்பயணமுமாக இருக்கலாம். ஆனால் அவற்றிடையே ஒரு கதைக்குரிய விதையோ, ஒரு பாட்டின் முதலடியோ, மறந்துபோன ஓர் ஊர்ச்சொல்லோ நிச்சயம் கிடக்கும். அது தோன்றும் நாளை முன்கூட்டி எவரும் சொல்ல இயலாது. அந்நாளில் கையில் எழுதுகோல் இருத்தல் வேண்டும். அதற்கு முந்திய நாளும் இருந்திருத்தல் வேண்டும்.

அடுத்த நவராத்திரியின்போது கலைமகள் பாறசாலை வழியே எல்லையைக் கடந்து செல்வாள். அதற்குள் ஒரு குறிப்பேடு உங்கள் வீட்டில் பாதியாவது நிறைந்திருக்குமாயின், பூசையில் மற்ற நூல்களோடு அதனையும் வையுங்கள். மறுநாட் காலையில் கட்டவிழ்த்து எடுத்து, அடுத்த ஐந்து வரியை எழுதுங்கள்.